அடால்ஃப் சாக்ஸின் ஊருக்கு ஒரு மழைப் பயணம்

அக்டோபர் 9, வியாழன் – பிரஸ்ஸல்ஸ்

இசைக்கருவி அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம் 1899-இல் ஒரு பெரிய துணிக்கடைக்காகக் கட்டப்பட்டது. கறுத்த இரும்பும் கண்ணாடியுமாக, சுருண்டேறும் கொடி வேலைப்பாட்டுடன் நிற்கும் அதன் முகப்பில் 'ஓல்டு இங்கிலாந்து' என்ற பழைய கடைப்பெயரை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். மழையில் சொட்டச் சொட்ட உள்ளே போன என்னைப் பார்த்ததும், சீட்டுக் கொடுக்கும் பெண்மணி பணத்தைப் பற்றிப் பேசாமல் முதலில் எழுந்து வந்து குடையை வாங்கி வைத்தார். இந்த நகரத்தில் எனக்குக் கிடைத்த முதல் உபசாரம் அது.

நான் தேடிப் போனது, சாக்ஸபோனைக் கண்டுபிடித்த அடால்ஃப் சாக்ஸ் செய்த கருவிகளை. பொன்போல மினுங்கும் ஒரு மூதாதையைக் காணப் போகிறோம் என்ற எதிர்பார்ப்புடன் நின்ற எனக்கு முன்னால் இருந்தவை மங்கிய பித்தளைக் குழாய்களே. சாக்ஸபோனுக்குச் சமமாக, சில இடங்களில் அதைவிட அதிகமாக, அவர் செய்த பிற கருவிகள் அடுக்கப்பட்டிருந்தன: சாக்ஸ்ஹார்ன் என்னும் ஊதுகருவிக் குடும்பம், மேம்படுத்தப்பட்ட பாஸ் கிளாரினெட், ஏழு புனல்வாய்கள் விரிந்த ஒரு ட்ராம்போன். அந்தக் கடைசிக் கருவியைத் தோளில் தாங்கிக்கொண்டு யாராவது உண்மையிலேயே வாசித்திருப்பார்களா என்று நெடுநேரம் நின்று யோசித்தேன். ஒரு கருவியின் பெயரால் மட்டுமே உலகம் நினைவில் வைத்திருக்கும் அந்த மனிதர், ராணுவ இசைக்குழு ஒன்றின் ஊதுகருவிகள் அனைத்தையும் தாமே மறுபடியும் செய்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவர் என்பது இங்கேதான் கண்முன் விளங்கியது.

பித்தளையில் செய்யப்பட்டாலும் சாக்ஸபோன் மரத்துளைக் கருவிகளின் இனத்தில் சேர்க்கப்படுவதற்குக் காரணம், அதன் ஒலி பிறப்பது ஊதுவாயில் கட்டிய ஒற்றை நாணல் பட்டையின் அதிர்வில் என்பதுதான். கிளாரினெட்டிலும் அப்படிப்பட்ட பட்டையே இருக்கிறது. ஆனால் அதன் குழாய் நெடுகிலும் ஏறக்குறைய ஒரே பருமனுடையது, சாக்ஸபோனின் குழாயோ வாயிலிருந்து அடிவரை கூம்பாக விரிந்துகொண்டே போவது. இந்தக் கூம்பினால்தான் சற்று அழுத்தி ஊதும்போது அதே விரல்நிலை சரியாக ஒரு ஸ்தாயி மேலே தாவுகிறது. நாதசுரமும் கூம்புக் குழல்தான். மரத்தில் கடைந்த உலவு, அடியில் அணசு, மேலே இரட்டை நாணலாலான சீவாளி. நான்கு மாட வீதிகளிலும் கேட்க வேண்டிய கருவிக்கும் படையணிவகுப்பில் கேட்க வேண்டிய கருவிக்கும் வடிவம் ஒன்றுபோல அமைந்ததில் வியக்க ஒன்றுமில்லை. காதில் மாட்டிய ஒலிக்கருவியில் பழைய சாக்ஸபோனின் குரலைக் கேட்டபோது, இன்றைய ஜாஸின் கரகரப்பு சிறிதும் இல்லாமல், மெத்தென்று, சற்றே தேவாலயத்தனமாக இருந்தது.

மதியம் வெளியே வந்து ஒரு தள்ளுவண்டிக் கடையில் உருளைக்கிழங்கு வறுவல் கேட்டேன். நான் சைவமா என்று கடைக்காரர் தாமாகவே கேட்டு, இங்கே மரபுப்படி மாட்டுக்கொழுப்பில்தான் பொரிப்போம் என்று சொல்லி, எண்ணெயில் பொரிக்கும் வேறொரு கடைக்கு வழியும் காட்டினார். விற்பனையை இழந்து உண்மை சொன்ன அந்த மனிதருக்கு என் நன்றி. அடுத்த கடையில் 5 யூரோவுக்குக் கிடைத்த பொட்டலம் இருவருக்குப் போதுமானது.

அக்டோபர் 10, வெள்ளி – பிரஸ்ஸல்ஸ்

நாள் முழுவதும் மழை. மாலையில் சற்று விட்டபோது, நடுச்சதுக்கத்திற்குப் போகும் சந்து ஒன்றில் இளைஞர் ஒருவர் சிறிய ஒலிபெருக்கியில் பின்னணி இசையை ஓடவிட்டு டெனர் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தார். தேர்ந்தெடுத்த பாட்டு எதுவாக இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல: 1984-இல் ஜார்ஜ் மைக்கேல் பாடிய 'கேர்லெஸ் விஸ்பர்'. அதன் தொடக்கத்தில் வரும் சாக்ஸபோன் வரியை இசைத்தட்டில் வாசித்தவர் ஸ்டீவ் கிரெகரி; பாட்டு தெரியாதவர்களுக்கும் அந்த வரி தெரியும், அவருடைய பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. எழுபதுகளின் இறுதியிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மேற்கத்திய வெகுசன இசையில் இப்படி ஒரு சாக்ஸபோன் துணுக்கு இல்லாத காதல் பாட்டே அரிது என்னும் நிலை இருந்தது. பிறகு அதே ஒலி கேலிக்குரியதாகி, நகைச்சுவைக் காட்சிகளில் யாராவது மயக்கும் பார்வை பார்த்தால் பின்னால் ஒலிக்கும் அடையாளமாகச் சுருங்கிப்போனது. அதற்கிடையில் 1992 ஜூனில், அதிபர் தேர்தலில் நின்ற பில் கிளின்டன் கறுப்புக் கண்ணாடியுடன் தொலைக்காட்சியில் தோன்றி இதையே வாசித்தார். அவர் வாசிப்பு சுமார்தான். ஆனால் வேறு எந்தக் கருவியை எடுத்திருந்தாலும் அந்தக் காட்சி அவ்வளவு பேசப்பட்டிருக்காது.

இளைஞரின் பெட்டியில் 2 யூரோ போட்டேன். வாசிப்பை நிறுத்தாமலே புருவத்தை உயர்த்தி நன்றி தெரிவித்தார். உடனே மழை பிடித்துக்கொண்டது. அவர் முதலில் மூடியது தம் தலையை அல்ல, கருவியின் சாவிகளை. சாவிகளின் அடியில் துளையை அடைக்கும் மெத்தைகள் தோலால் ஆனவை; அவை நனைந்து ஊறினால் காற்றுக் கசியும்.

அக்டோபர் 11, சனி – தினான்

சாக்ஸ் பிறந்த ஊரான தினானுக்கு நாமூர் வழியாக ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம் என்றார்கள். நாமூருக்கு அப்பால் தண்டவாள வேலை நடப்பதால் பேருந்தில் போக வேண்டும் என்பதை ரயிலில் ஏறிய பிறகுதான் அறிவித்தார்கள். அறிவிப்பு பிரெஞ்சில் மட்டும் இருந்ததால் பக்கத்து இருக்கையில் இருந்த சீன மாணவி எனக்கு விளக்கினார். பேருந்துக்காகக் குளிரில் நாற்பது நிமிடம் நின்றபோது, எதற்காகத் தினானுக்குப் போகிறேன் என்று கேட்டார். சாக்ஸபோன் என்றதும் சிரித்துவிட்டார். அவருடைய ஊரில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் கென்னி ஜி வாசித்த ஒரு மெட்டு ஒலித்தால் கடையை அடைக்கப் போகிறார்கள், வீட்டுக்குக் கிளம்பு என்று பொருளாம். பள்ளி விடும்போதும் அதே மெட்டுதானாம். 1989-இல் அமெரிக்காவில் வெளியான அந்த இசை சீனாவின் அங்காடிகளில் பல்லாண்டுகளாக அப்படித்தான் பயன்படுகிறது என்று நானும் படித்திருக்கிறேன். ஆனால் சாக்ஸபோன் ஒலித்தாலே இன்றும் பையைத் தேடிக் கை போகும் என்று ஒருவர் நேரில் சொல்லக் கேட்பது வேறு.

மியூஸ் ஆற்றின் ஒரு கரையில் நிலையம். எதிர்க்கரையில் செங்குத்தான பாறை, அதன் உச்சியில் கோட்டை, பாறையடியில் குமிழ் வடிவக் கோபுரத்துடன் தேவாலயம், அதையொட்டி ஒற்றை வரிசையாக வீடுகள். இவ்வளவுதான் ஊர். ஆற்றைக் கடக்கும் பாலத்தின் இருபுறமும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் பெயரில் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட சாக்ஸபோன்கள் வண்ணம் பூசி நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது; குடை காற்றில் மடங்கியதால் நான் எடுக்கவில்லை. வழியில் வந்த முதியவர் ஒருவர் நின்று, கம்பியை நிமிர்த்திக் கொடுத்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் போனார்.

சாக்ஸ் 1814 நவம்பர் 6 அன்று இங்கே பிறந்தார். அவர் பெயரையே தாங்கிய தெருவில், அவர் பிறந்த இடத்தில் ஒரு சிறிய காட்சியகம் வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, காவலர் கூட்டம் இல்லை. வாசலில் ஒரு பெஞ்சில் வெண்கல சாக்ஸ் கருவியுடன் அமர்ந்திருக்கிறார், பக்கத்தில் நாமும் உட்காரலாம். உள்ளே கால் மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம் என்பதே எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பிரஸ்ஸல்ஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், ஊர் தன் பங்குக்கு மேலாகவே செய்திருக்கிறது.

அவருடைய பிள்ளைப் பருவம் படிக்கும்போதே பதறச் செய்வது. மாடியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார், பால் என்று எண்ணி அமிலநீரைக் குடித்தார், ஊசியை விழுங்கினார், வெடிமருந்து வெடித்துத் தீக்காயம் பட்டார், மெருகெண்ணெய் பூசிய பொருள்கள் காய்ந்துகொண்டிருந்த அறையில் தூங்கி மூச்சுத் திணறினார். இந்தப் பிள்ளை பிழைக்காது என்று தாயே சொல்லிவிட்டதாகவும், அக்கம்பக்கத்தார் அவரைக் குட்டிப் பேய் என்று அழைத்ததாகவும் வரலாறுகளில் எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தில் உதட்டில் புற்று வந்து அதிலிருந்தும் மீண்டார்.

காட்சியகத்தை விட்டு வெளியே வந்து வெண்கலச் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் இன்றைய தேதி நினைவுக்கு வந்தது. கத்ரி கோபால்நாத் மறைந்தது 2019-ஆம் ஆண்டு இதே அக்டோபர் 11-இல். மங்களூருக்கு அருகே நாதசுரக் கலைஞரின் மகனாகப் பிறந்த அவர், மைசூர் அரண்மனை பேண்டு இசைக்குழுவில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவருவதற்காகவே வாழ்நாளைக் கொடுத்தார். அவர் வாசித்த ஆல்ட்டோ வகை சாக்ஸபோனின் சாவிகள் சுரங்களைத் தனித்தனிப் படிகளாக வைத்திருக்கின்றன; கல்யாணியின் காந்தாரத்தை அசைக்க வேண்டுமானால் உதடும் தாடையும் விரலும் சேர்ந்து அந்தப் படிகளை அழிக்க வேண்டும். அதற்காகக் கருவியிலும் சில மாற்றங்களைச் செய்துகொண்டார். சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணன் அவருக்கு வழிகாட்டினார். 1994-இல் லண்டனில் பிபிசி ஆண்டுதோறும் நடத்தும் ப்ராம்ஸ் இசைவிழாவில் வாசித்தார். அதே ஆண்டு 'டூயட்' படத்தின் வழியாக, கச்சேரிப் பக்கமே போகாத தமிழர்களுக்கும் அந்த ஒலி வீட்டு ஒலியாயிற்று. இன்று தென்கன்னடக் கடற்கரையில் கோயில் உற்சவத்திலும் கல்யாணத்திலும் நாதசுரம் இருந்த இடத்தில் சாக்ஸபோனைப் பார்க்கலாம். அது நல்லதா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் உண்டு. நாதசுரக்காரருக்குப் போக வேண்டிய முன்பணம்தான் அங்கே கைமாறியிருக்கிறது.

காதுக்கருவியில் அவருடைய கல்யாணவசந்தத்தை வைத்துக்கொண்டு, மழை தூறும் பெஞ்சில் சிறிது நேரம் இருந்தேன். சாக்ஸ் முகத்தில் மாற்றம் ஏதும் இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு – தினான்

காலை உணவுக்கு ஊரின் புகழ்பெற்ற கூக் வாங்கினேன். மாவும் தேனும் மட்டும், தண்ணீர்கூடச் சேர்க்காமல் பிசைந்து, செதுக்கிய மர அச்சில் அழுத்திச் சுட்டெடுக்கும் ரொட்டி அது. மீன், தேவாலயம், சாக்ஸபோன் எனப் பல உருவங்களில் கிடைக்கிறது. கடித்துவிடாதீர்கள் என்று கடைக்காரப் பெண்மணி தம் பற்களைச் சுட்டிக்காட்டி இருமுறை எச்சரித்தார். கடலைமிட்டாயை மூன்று மாதம் வெயிலில் காயவைத்தால் வரும் கடினம். துண்டு துண்டாக உடைத்து வாயில் ஊறவைக்க வேண்டும். சாக்ஸபோனின் கழுத்துப் பகுதி மட்டுமே மதியம்வரை வந்தது. 7 யூரோவுக்கு இவ்வளவு நேரம் நீடிக்கும் பண்டம் ஐரோப்பாவில் வேறில்லை.

கோட்டைக்கு 408 படிகள். ஏறும்போது மூச்சு வாங்கியதைவிட மேலே கண்ட செய்திகள் கனத்தன. 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை இந்தச் சின்ன ஊரில் 674 பொதுமக்களைக் கொன்று, வீடுகளில் பெரும்பகுதியை எரித்தது. அதற்குச் சில நாள்கள் முன்பு பாலத்தருகே நடந்த சண்டையில் காயம்பட்ட பிரெஞ்சு இளம் அதிகாரிதான், பின்னாளில் பிரான்சின் அதிபரான சார்ல் தெ கோல்; வண்ண சாக்ஸபோன்கள் நிற்கும் பாலத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். நேற்றுக் கேளிக்கையாகத் தோன்றிய பாலத்தை இறங்கி வந்தபின் வேறு நடையில் கடந்தேன்.

இடைக்காலத்திலிருந்தே தினான் செம்பு, பித்தளை வேலைக்குப் பெயர்பெற்ற ஊர். இங்கே செய்த பாத்திரங்களும் விளக்குகளும் ஐரோப்பா முழுவதும் போயின. கும்பகோணத்துக்காரனான எனக்கு, பாத்திரத் தெருக்கள் உள்ள ஊரில் இசைக்கருவி செய்பவர் தோன்றியது இயல்பாகவே பட்டது.

மதியம் ஃபிளாமிஷ் என்ற பாலாடைக்கட்டி அடையைச் சாப்பிட்டேன். முட்டை உண்டு, வெளியூரில் முட்டைக்கு நான் விலக்கு அளித்துக்கொள்வேன். சூடு ஆறுவதற்குள் தின்றுவிட வேண்டும் என்று பரிமாறியவர் தலைக்கு மேலேயே நின்றார். ஆறிய ஃபிளாமிஷை விருந்தாளி முன் வைப்பது இங்கே அவமரியாதையாம்.

அக்டோபர் 13, திங்கள் – பாரிஸ்

சாக்ஸ் 1842-இல் பாரிஸுக்கு வந்து பட்டறை வைத்த சான் ஜார்ஜ் தெருவில், 50-ஆம் எண்ணைத் தேடி நடந்தேன். இன்று அது அலுவலகங்களும் வீடுகளும் உள்ள அமைதியான தெரு. அன்று அப்படியிருந்திருக்க வழியில்லை. அந்த ஆண்டிலேயே இசையமைப்பாளர் பெர்லியோஸ் புதிய கருவியைப் பாராட்டிப் பத்திரிகையில் எழுதினார்; 1845 ஏப்ரலில் ஷாம் தெ மார்ஸ் திடலில், பழைய முறை ராணுவ இசைக்குழுவும் சாக்ஸின் கருவிகள் ஏந்திய குழுவும் பெருங்கூட்டத்தின் முன் போட்டியிட்டு வாசிக்க, சாக்ஸின் பக்கம் வென்றது. மறு ஆண்டு சாக்ஸபோனுக்குக் காப்புரிமை கிடைத்தது. வயிற்றெரிச்சல் கொண்ட போட்டியாளர்கள் வழக்குமேல் வழக்குப் போட்டார்கள். 1852, 1873, 1877 என மும்முறை திவாலானார். இசைக்கல்லூரியில் அவர் நடத்திய வகுப்பு 1870-இல் நின்றபின், அங்கே மறுபடி சாக்ஸபோன் கற்பிக்க 1942 ஆயிற்று.

காப்புரிமையில் அவர் இரண்டு வரிசைகளை வைத்திருந்தார்: ஒன்று ஆர்கெஸ்ட்ராவுக்கு, மற்றது ராணுவ இசைக்குழுவுக்கு. ஆர்கெஸ்ட்ரா வரிசை காலப்போக்கில் தேய்ந்துவிட்டது. இன்று உலகெங்கும் வாசிக்கப்படும் ஆல்ட்டோவும் டெனரும் படைக்கென்று செய்யப்பட்ட வரிசையைச் சேர்ந்தவை. இந்தக் கருவி எந்த ஊருக்குப் போனாலும் பெரும்பாலும் சீருடையோடுதான் போயிருக்கிறது. மைசூருக்கு அரண்மனை பேண்டோடு வந்தது. 1918-இல் ஜேம்ஸ் ரீஸ் யூரோப்பின் தலைமையில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பினப் படைப்பிரிவு ஜாஸை பிரான்சுக்குக் கொண்டுவந்ததும் ராணுவ இசைக்குழுவாகத்தான். சீருடையைக் கழற்ற வைத்தவர்களெல்லாம் சாக்ஸுக்கு முன்பின் தெரியாதவர்கள்: இருபதுகளில் அமெரிக்க மேடைகளில் அதைக் கனைக்கவும் சிரிக்கவும் வைத்த கேளிக்கைக்காரர்கள், பிறகு கோல்மன் ஹாக்கின்ஸ், லெஸ்டர் யங், சார்லி பார்க்கர் ஆகிய ஜாஸ் கலைஞர்கள். 1938-இல் டூசல்டார்ஃபில் நாஜிகள் நடத்திய 'சீர்கெட்ட இசை' கண்காட்சியின் சுவரொட்டியில் இகழ்ச்சிக்கென்று அவர்கள் வரைந்தது ஒரு கறுப்பின சாக்ஸபோன் கலைஞரை. படைக்காகச் செய்த கருவியைப் படையெடுப்பவர்களே அஞ்சினார்கள்.

மாலையில் மோன்மார்த்தர் கல்லறைத் தோட்டத்திற்குப் போனேன். வாயிலில் இருந்த காவலர் வரைபடத்தில் வட்டம் போட்டுக்கொடுத்து, மூடுவதற்குக் குறைந்த நேரமே இருப்பதால் பாடகி தாலிதாவின் சமாதியில் நிற்காமல் போங்கள், அங்கே எப்போதும் கூட்டம் என்றார். சாக்ஸின் சமாதியில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. 1894 பிப்ரவரியில் கையில் காசில்லாமல் இறந்தவர். அவருக்காக முதலில் எழுதிய பெர்லியோஸும் இதே தோட்டத்தில்தான் இருக்கிறார். அவரைக் கண்டுபிடிப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

இரவு, லோம்பார் தெருவில் ஒரு நிலவறை ஜாஸ் மன்றம். நுழைவு 28 யூரோ, குடிநீர் தனி. நால்வர் குழு, சோப்ரானோ வகை சாக்ஸபோன் வாசித்த பெண், ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் வழியில் ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறினார். ரவிசங்கரின் மீதிருந்த மதிப்பால் தம் மகனுக்கு ரவி என்று பெயரிட்டவர் கோல்ட்ரேன். ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு அந்த ஏற்றம் புரியாமல் போகாது. நான் மறந்து 'பலே' என்றுவிட்டேன். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். வாசித்தவர் அடுத்த சுற்றை என் பக்கம் பார்த்தே வாசித்தார்.

அக்டோபர் 14, செவ்வாய் – பாரிஸ்

இசைக்கடைகள் வரிசையாக உள்ள ரோம் தெருவில் நேற்றுப் பூட்டிக்கிடந்த கடை இன்று திறந்திருந்தது. மங்களூர் நண்பருக்கு ஆல்ட்டோ நாணல் பட்டைகள் வாங்கினேன். பத்து கொண்ட பெட்டி 31 யூரோ. பிரான்சின் தென்கோடியில் வார் பகுதியில் விளையும் நாணலில் செய்தவை. ஒவ்வொரு பெட்டியிலும் மூன்றோ நான்கோதான் நன்றாகப் பேசும் என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார். சீவாளி விற்பவரும் இதையேதான் சொல்வார். பித்தளையின் தரம் ஒலியை எவ்வளவு மாற்றும் என்று கேட்டதற்கு, 1953-இல் டொரன்டோவில் சார்லி பார்க்கர் பிளாஸ்டிக் சாக்ஸபோன் வாசித்த பதிவைக் கேளுங்கள், பிறகு இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டீர்கள் என்றார்.

மதியம், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதி. பயணம் முழுவதும் ஏங்கிய காரம் அங்கே கிடைத்தது: மரக்கறிக் கொத்து ரொட்டி, 9 யூரோ. மேசையில் கிடந்த நாணல் பெட்டியைப் பார்த்த கடை உரிமையாளர், "ஐயா சாக்ஸபோன் வாசிப்பீங்களோ?" என்று கேட்டார். இல்லை, நண்பருக்கு என்றேன். "என்ர மகன் பழகிறான். நான் நாதசுரம் பழகச் சொன்னனான், இஞ்ச சொல்லிக்குடுக்க ஆள் இல்லை. வகுப்பில சாக்ஸபோன்தான் இருக்கு எண்டான்."

வீட்டில் வாசிப்பானா என்று கேட்டேன். அவர் தலையில் கைவைத்தார். அடுக்குமாடி வீடு, கீழ்வீட்டுப் பெண்மணி இருமுறை காவல்துறைக்குத் தொலைபேசியில் முறையிட்டுவிட்டாராம். ஆகையால் கடை அடைத்த பிறகு, அரிசி மூட்டைகள் அடுக்கிய கீழறையில் பயிற்சி.

"மூட்டை சத்தத்தைக் குடிச்சுப்போடும் ஐயா. நாளைக்குப் புதன், பின்னேரம் வாங்கோ, கேக்கலாம்."

என் விமானம் நாளை காலை ஏழு மணிக்கு. அதைச் சொன்னதும் அவர் வருந்தி, கொத்துக்குக் காசு வாங்க மறுத்தார். கட்டாயப்படுத்தியதும் பாதி வாங்கிக்கொண்டு, பையனுக்கு எந்த எண் நாணல் நல்லது என்று உங்கள் மங்களூர் நண்பரிடம் கேட்டு எழுதுங்கள் என்று கடை அட்டையைக் கொடுத்தார்.